மூன்றாவது கதவு

லோகநாயகிக்குச் சம்பளமே தப்பு செய்வதற்குத்தான். எட்டு மாதமாக அவளால் ஒரு தப்பு செய்ய முடியவில்லை.

அன்று காலையும் முயன்றாள். கண்ணை மூடிக்கொண்டு, பால்கேனின் எடையை இடது கையால் விசைப்பலகையில் தட்டினாள். என்ன எண் விழுந்தது என்று பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"லோகநாயகி, கேனின் எடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது," என்றது செம்மை. "கேன்கள் கூரைக்குப் பறக்கும். இது வேண்டுமென்றே செய்ததா?"

"இல்ல."

"கண்ணை மூடியிருந்தீர்கள்."

"தூக்கம் வந்துச்சு."

"மூடுவதற்கு முன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டீர்கள்."

லோகநாயகி நாற்காலியில் சாய்ந்தாள்.

"சரி. திருத்திரு."

"திருத்திவிட்டேன்."

செம்மை பிழை திருத்தும் எந்திரம். அது இல்லாத இடம் ஊரில் இல்லை. அடுப்பில் இருந்தது. வண்டியில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பலகையில் இருந்தது. லோகநாயகியின் வீட்டில் தோசை தீய்ந்து வருடக்கணக்காகிறது. அவள் கணவன் பைக்கைக் கொண்டுபோய்க் கேட்டில் இடிப்பதையும் நிறுத்திவிட்டான். எல்லாம் நல்ல விஷயம்தான். யாரும் குறை சொல்லவில்லை. சண்டை போடத்தான் வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

அவள் வேலை பார்த்த இடம் கோவை கணபதியில் ஒரு பழைய பவுண்டரி. ஒரு காலத்தில் அங்கே மோட்டார் பம்புகளுக்கு இரும்பு வார்த்தார்கள். இப்போது விளையாட்டு வார்த்தார்கள். 'பால்வண்டி' என்று பெயர். முதல் பாகத்தில் நீங்கள் ஒரு கிராமத்துப் பால்காரர். விடிவதற்குள், பால் திரிவதற்குள், வீடு வீடாகப் பால் சேர்க்க வேண்டும். தண்ணிக்காரன் என்று ஒரு வில்லன் ரப்பர் குழாயோடு துரத்துவான். மாட்டினால் உங்கள் பாலில் தண்ணீர் கலந்துவிடுவான். அவ்வளவுதான் கதை. இரண்டாம் பாகத்தில் வண்டி மலை ஏறியது. நான்காம் பாகத்தில் வெள்ளத்தில் மிதந்தது. ஆறாம் பாகத்தில் கடலுக்கு அடியில் போனது. ஒன்பதாம் பாகம் நிலாவில் நடக்கிறது. மாடுகள் மாறவில்லை. தண்ணிக்காரனும் மாறவில்லை.

ஒவ்வொரு பாகமும் மாட்டுப் பொங்கலன்று வெளியாகும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பிழை இருக்கும்.

அதைத் தொடங்கி வைத்தவள் லோகநாயகி. முதல் பாகத்தில் ஓர் எருமையை நிற்கவைக்க வேண்டியிருந்தது. அன்று அவள் ஒரு கையால் நெற்றியில் ஐஸ்கட்டியை அழுத்திக்கொண்டு மறு கையால் தட்டினாள். ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. எருமை ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் போய் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. ஆட்டம் வெளியாகிவிட்டது.

அதைக் கண்டுபிடித்த ஒரு தாராபுரத்துக்காரர் எருமைக்குப் பங்கஜம் என்று பெயர் வைத்தார். ஜனங்கள் பங்கஜத்தைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கத் தொடங்கினார்கள். கல்யாணப் பத்திரிகையில் பங்கஜத்தைப் போட்டார்கள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. புதுப் பாகம் வந்த வாரம் எல்லோரும் பிழையைத் தேடுவார்கள். முதலில் கண்டவர் பெயர் வைப்பார். இரண்டாம் பாகத்தில் தியேட்டருக்குள் மட்டும் மழை பெய்தது. மூன்றாம் பாகத்தில் ஒரு போலீஸ்காரர் காலி நாற்காலிகளுக்கு சல்யூட் அடித்தார். லோகநாயகிக்கு ஊரில் எருமையக்கா என்று பெயர். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

ஏழாம் பாகத்துக்குச் செம்மை வந்தது. பிழை இல்லை. ஜனங்கள் மாசி வரை தேடினார்கள். பிறகு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

எட்டாம் பாகத்தில் கம்பெனி தானே ஒரு பிழையை வைத்தது. ஐந்து கால் நாய். கிணத்துக்கடவிலிருந்து பிருந்தா என்று ஒரு பெண் அதை ஒரே மணி நேரத்தில் கண்டுபிடித்தாள். பெயர் வைக்க மாட்டேன் என்றாள். 'இது பிழையில்லை, விளம்பரம்' என்று எழுதினாள். அந்த ஒரு வரி கம்பெனியை முக்கால்வாசி முடித்துவிட்டது.

மீதிக் கால்வாசிக்காகத்தான் லோகநாயகிக்கு இந்த வேலை.

*

டீ எடுக்கக் கிளம்பினாள். வாசலிலிருந்து சமையலறை வரை கட்டடத்தின் நீளத்துக்கு ஒரே நடைவழி. முதல் கதவு அக்கவுண்ட்ஸ். இரண்டாவது ஒலிப்பதிவு அறை. மூன்றாவது சாமான் அறை. அதற்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் செவ்வந்திச் சரம் தொங்கியது. வெள்ளிக்கிழமை.

பின்னால் ஷாகுல் வந்தான். படம் வரைகிறவன். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உக்கடத்துக்காரன்.

"என்னாச்சுங்க்கா இன்னைக்கு?"

"கண்ண மூடிப் பாத்தேன். புடிச்சிருச்சு."

"நான் நேத்து ஒரு தோட்டக்காரருக்கு ஆறு வெரல் வரைஞ்சேன். வேணும்னே செஞ்சியான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"ஆமான்னுட்டேன். பொய் சொல்ல வரலைங்க்கா."

மூன்றாவது கதவு வந்தது. லோகநாயகி தலையைக் குனிந்து தாண்டினாள். ஷாகுலும் குனிந்து, கன்னத்தை லேசாகத் தொட்டுக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாக்கா? தப்பு பண்ணணும்னு உக்காந்தா அது தப்பில்ல. அது வேலை."

"இத நான் போன வாரமே கண்டுபுடிச்சிட்டேன். எம்ஐடி சார்கிட்ட சொல்லிராத."

எம்ஐடி சார் என்பது முதலாளி சென்னியப்பன். அங்கே படிக்கவில்லை. அந்த எழுத்து போட்ட பனியன் ஒன்றை விடாமல் போடுவார். பவுண்டரி அவருடைய தாத்தாவுடையது. பெயரும் தாத்தாவுடையது. கல்லூரியில் லோகநாயகிக்குப் பக்கத்து பெஞ்ச். பிறர் முன்னால் சார், தனியாக இருந்தால் டா.

சமையலறையில் அவரே நின்றிருந்தார். துளசியக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சமையலும் பெருக்குவதும் துளசியக்காதான்.

"லோகா, ஏதாவது தேறுச்சா?"

"இல்லைங்க சார்."

"ஒரு நாள் செம்மையையே அணைச்சுப்போட்டு எல்லாரையும் எழுதச் சொன்னமே, அது?"

"ஒரே ஒரு தப்பு கெடச்சுது. அதுல ஆட்டமே நின்னுபோச்சு. அது பிழையில்ல, பழுது. மத்தவங்க எல்லாம் சுத்தமா எழுதியிருக்காங்க. செம்மை இருக்கறாப்பலயே."

"நல்லா வேலை செய்யறவங்களா வெச்சுட்டனே," என்றார் சென்னியப்பன் வருத்தமாக.

ஷாகுல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனான். துளசியக்கா பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனார்.

"சொல்றா," என்றாள் லோகநாயகி.

"கம்பெனிய வாங்கறவங்க மறுபடியும் போன் பண்ணினாங்க. பொங்கல் முடிஞ்ச திங்கக்கெழமை நேர்ல வர்றாங்களாம். இந்தப் பாகமும் விழுந்துச்சுன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன் லோகா. என்னால இனி தாக்காட்ட முடியாது."

"வாங்கி என்ன பண்ணுவாங்களாம்?"

"புதுசா எதுவும் பண்ணமாட்டாங்க. பழைய எட்டையும் செம்மை கையில குடுத்துச் சுத்தம் பண்ணி, புதுசாட்டம் விப்பாங்க."

லோகநாயகி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சுத்தம்னா?"

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"பங்கஜத்தைக் கீழ எறக்கிருவாங்க."

*

அதன் பிறகு அவள் வெறிபிடித்தவள்போல் முயன்றாள். வீட்டில் அடுப்பின் செம்மையை அணைத்தாள். கை பழகட்டும் என்று. தோசை வட்டமாகவே வந்தது. கணவன் "நல்லாருக்குதே" என்றான். அவனை முறைத்தாள். பல்வலியோடு ஒருநாள் வேலை செய்தாள். பட்டினி கிடந்து ஒருநாள். பக்கத்தில் ரேடியோவை அலறவிட்டு ஒருநாள். நிலாவில் ஓர் ஆட்டுக்குட்டிக்கு நிழல் போட மறந்தாள். மறந்ததும் மகிழ்ந்தாள். மகிழ்ந்த கணத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"லோகநாயகி, குட்டிக்கு நிழல் இல்லை. போட்டுவிட்டேன்."

"அது நெசமாவே மறந்தது!"

"ஆம். அதனால் கேள்வி கேட்காமல் போட்டேன்."

"நெசமான தப்ப நீ விடமாட்ட. நெசமில்லாத தப்ப பிருந்தா விடமாட்டா. அப்ப நான் என்னதான் பண்றது?"

செம்மை சற்று யோசித்தது. யோசிக்க அதற்கு நேரம் தேவையில்லை. மரியாதைக்காக யோசித்தது.

"எனக்குத் தவறாகத் தெரியாத தவறு ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும். உங்களுக்கும் அது தவறாகத் தெரியக் கூடாது."

"அப்படி ஒண்ணு இருந்தா யாருக்குத் தெரியும்?"

"மூன்றாவது ஒருவருக்கு."

மார்கழிக் கடைசியில் ஒன்பதாம் பாகம் முடிந்தது. லோகநாயகி அதை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப விளையாடினாள். நிலாவின் சுரங்கத் தெருக்களில் பால்வண்டியை ஓட்டினாள். கதவு கதவாகப் பால் வைத்தாள். தண்ணிக்காரனிடமிருந்து தப்பி ஓடினாள். ஒரு குறை தெரியவில்லை. ஆட்டம் முழுக்க வீட்டில் நடப்பதுபோல் இயல்பாக இருந்தது.

சென்னியப்பனிடம் போய் ஒரே வரியில் சொன்னாள்.

"சுத்தமா இருக்குதுடா."

"செரி," என்றார் அவர். "உட்டுருவோம்."

*

மாட்டுப் பொங்கலன்று விட்டார்கள். துளசியக்கா பொங்கல் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஜனங்கள் எழுதுவதைப் படித்தார்கள். மாடுகள் அழகாக இருக்கின்றன என்றார்கள். நிலா அழகாக இருக்கிறது என்றார்கள். பிழை எங்கே என்றார்கள்.

மறுநாளும் எங்கே என்றார்கள். அதற்கு மறுநாள் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். ஒருவர், 'எருமையக்காவுக்கு வயசாயிருச்சு' என்று எழுதினார். அதற்கு நானூறு பேர் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி ஆபீசுக்கு வந்தாள். மறுநாள் வாங்குகிறவர்கள் வருவார்கள். மேசையில் இருந்த சாமான்களை ஒரு பையில் போட்டாள். சல்யூட் போலீஸ்காரர் பொம்மை, ஒரு குடை, பாதி தீர்ந்த தைலம். ஷாகுலும் வந்திருந்தான். சென்னியப்பனும் வந்திருந்தார். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அவள் முதல் பாகத்தைத் திறந்தாள். விடியாத ஊர். தொட்டி. உச்சியில் பங்கஜம் அசைபோட்டுக்கொண்டிருந்தது. எதற்காக அங்கே நிற்கிறோம் என்ற கவலை அதன் முகத்தில் இல்லை.

போன் அடித்தது.

"எருமையக்காங்களா? நான் பிருந்தா. கிணத்துக்கடவு."

லோகநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்தப் பிருந்தா? அஞ்சு கால் நாய் பிருந்தாவா?"

"அதேதானுங்க. கோவமா இருப்பீங்கன்னு தெரியும். ஒரே ஒரு கேள்விங்க்கா. நான் வெட்னரி படிக்கிறேன். மாட்டப் பத்தித்தான் கேக்கறேன்."

"கேளு சாமி."

"மாடு எதுக்குங்க்கா தலையக் குனியுது?"

"மேயறதுக்கு."

"சொரங்கத்துல புல்லு ஏதுங்க? ஒரு மாடு நடந்து போயிட்டே இருக்குது. திடீர்னு ஒரு எடத்துல தலையத் தாழ்த்துது. ஒரு எட்டு வெச்சு நிமிந்துக்குது. மாடு காரணமில்லாம அப்படிப் பண்ணாது. கொம்புல எதாச்சும் இடிக்கும்னாத்தான் பண்ணும். மேல பாத்தேன், ஒண்ணுமில்ல. அப்பறம் மனுசங்களப் பாத்தேன். அவங்களும் குனியறாங்க. எல்லாச் சொரங்கத்துலயும். எப்பவும் மூணாவது கதவுகிட்ட."

லோகநாயகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தண்ணிக்காரன் என்னையத் தொரத்தறான். மூணாவது கதவு வந்ததும் நிக்கறான். குனியறான். கன்னத்துல போட்டுக்கறான். அப்பறம் தொரத்தறான்! நான் சிரிச்சுச் சிரிச்சு பாலையெல்லாம் கொட்டிட்டேங்க. அக்கா, நெசமாச் சொல்லுங்க. மூணாவது கதவுகிட்ட என்ன இருக்குது?"

"தெரியலையே பிருந்தா," என்றாள் லோகநாயகி.

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. சந்தோஷப் பெருமூச்சு.

"இது போதுமுங்க்கா. இந்தக் குரல் நடிப்பில்ல."

*

"செம்மை," என்றாள் லோகநாயகி. சென்னியப்பனும் ஷாகுலும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். "மூணாவது கதவுகிட்ட எல்லாரும் எதுக்குக் குனியறாங்க?"

"மனிதர்கள் அங்கே குனிவார்கள்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. இந்தப் பாகத்துக்கு நடிகர்களை அழைக்கவில்லை. மனிதர்கள் நடக்கும் விதத்தைக் கட்டடத்துக் கேமராக்களிலிருந்து கற்றுக்கொள்ளச் சொன்னீர்கள். பழைய பதிவுகளைக்கூடக் கொடுத்தீர்கள். பார்த்தேன். நீளமான நடைவழியில் மூன்றாவது கதவு வரும்போது மனிதர்கள் தலையைக் குனிகிறார்கள். எல்லோரும். பிந்தி வந்தவர்கள் கன்னத்தையும் தொடுகிறார்கள்."

"எல்லாருமா?"

"ஒரு கூரியர்காரர் முதல்முறை குனியவில்லை. அடுத்தமுறை குனிந்தார்."

"மாடு?"

"மனிதர்களோடு வாழும் மாடு. பழகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்."

"இது தப்புன்னு உனக்குத் தோணலையா?"

"நீங்கள் பிழை பார்ப்பவர். இந்த ஆட்டத்தை எத்தனையோ முறை பார்த்தீர்கள். ஒருமுறையும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருக்கும் என்று நினைத்தேன்."

அது உண்மை. அவள் பார்த்திருந்தாள். தண்ணிக்காரன் குனிவதைப் பார்த்திருந்தாள். மூன்றாவது கதவில் ஒருவன் குனிவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மூவரும் நடைவழிக்குப் போனார்கள். மூன்றாவது கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு டியூப்லைட். ஒரு பல்லி. வாடிய செவ்வந்திச் சரம்.

"நீ எதுக்குக் குனியற?" என்று ஷாகுலைக் கேட்டாள்.

"சாமி இருக்குதுல்லீங்க்கா."

"எங்க?"

"அந்த ரூமுக்குள்ள. நான் சேந்த அன்னைக்கே பாத்தேன், எல்லாரும் கும்பிட்டுட்டுப் போறாங்க. பூ வேற இருக்குது. உங்க சாமியா இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா? வெறுமனே குனிஞ்சாப் பத்தாதுன்னு கன்னத்தையும் தொட்டுக்குவேன். எனக்கப்புறம் சேந்தவங்க என்னையப் பாத்துப் பழகிட்டாங்க."

"அதுக்குள்ள தொடப்பக்கட்டதான்டா இருக்குது," என்றார் சென்னியப்பன்.

சத்தம் கேட்டுத் துளசியக்கா வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை இருந்தது.

"துளசியக்கா, இந்தப் பூவ யாரு வெக்கறது?"

"நாந்தான் வெள்ளிக்கெழமையானா வெக்கறனுங்க. தெனமும் எல்லாரும் கும்புட்டுட்டுப் போறீங்க, செவுரு மொட்டையா இருக்குது. பாக்க நல்லாவா இருக்கும்?"

"எந்தச் சாமின்னு நெனச்சு வெச்சீங்க?"

"அது எனக்கெப்புடிங்க தெரியும்? கம்ப்யூட்டர்க்காரங்க சாமியாட்டம் இருக்குது, கேட்டாத் தப்பா நெனப்பீங்களோன்னு வுட்டுட்டனுங்க."

லோகநாயகி சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் குனிவ. தெனமும் குனிவ. நீ எதுக்குடா?"

சார் என்று சொல்ல மறந்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

சென்னியப்பன் சுவரைத் தடவினார். நெற்றி உயரத்தில் ஓரிடத்தில் சுண்ணாம்பு வேறு நிறத்தில் இருந்தது. எதிர்ச் சுவரிலும் அதே உயரத்தில் ஒரு சதுரம்.

"கர்டர்," என்றார்.

"என்னது?"

"தாத்தாவோட கர்டர். இங்க குறுக்க ஒரு இரும்புக் கர்டர் இருந்துச்சு. பாரம் தூக்கற செயின் பிளாக் ஓடறதுக்கு. குனியலைன்னா மண்டை ஒடஞ்சிரும். நாலாம் பாகம் முடிஞ்ச வருசம் கழட்டிக் கொண்டுபோய் அன்னூர் தோட்டத்துல வாய்க்காலுக்குக் குறுக்க போட்டுட்டேன். உனக்கு ஞாபகமில்ல? உன்ற நெத்தியில இருக்கறது அதோட தழும்புதான்!"

லோகநாயகி நெற்றியைத் தொட்டாள். புருவத்துக்கு மேலே அந்தச் சிறு கோடு. சேர்ந்த மாதம். இந்த நடைவழி. ஒரு ணங். பிறகு ஒரு கையால் ஐஸ்கட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எருமையை நிறுத்தி வைத்தாள்.

"அப்ப பங்கஜம்..." என்றாள்.

"பங்கஜமும் கர்டர் குடுத்ததுதான்," என்றார் சென்னியப்பன். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். எம்ஐடி பனியன் குலுங்கியது. துளசியக்கா ஆணியிலிருந்து வாடிய சரத்தைக் கழற்றினார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்போது திருத்திவிடவா?" என்று கூரையிலிருந்து கேட்டது செம்மை.

"தொட்டுப் பாரு," என்றாள் லோகநாயகி. "ஒயரைப் புடுங்கிருவேன்."

*

பிருந்தா வைத்த பெயர் 'காரணம் தெரியாது'. நீளம் என்று சிலர் சொன்னார்கள். அவள் மாற்றவில்லை.

வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை வந்தார்கள். துளசியக்கா கொடுத்த டீயைக் குடித்தார்கள். சென்னியப்பன் கதையைச் சொன்னபோது சிரித்தார்கள். விற்கவில்லை என்றபோது சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பிப் போகும்போது அவர்களில் வயதானவர் மூன்றாவது கதவில் குனிந்ததை ஷாகுல் பார்த்தான்.

மாசிக்குள் 'பால்வண்டி' மறுபடி ஊரெல்லாம் ஓடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூன்றாவது வகுப்பறையைக் குனிந்து தாண்டினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் குனிந்ததாக யாரோ எழுதினார்கள். செம்மை அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. மனிதர்கள் அங்கே குனிவார்கள்.

ஆபீசில் மட்டும் நிலைமை தலைகீழ். காரணம் தெரிந்துவிட்டதால் எல்லோருக்கும் கூச்சம். இல்லாத கர்டருக்கு இனி யாரும் குனியக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். குனிந்து மாட்டினால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ சுமக்க வேண்டும். முதல் வாரம் ஷாகுல் தினமும் சுமந்தான். அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. லோகநாயகி கழுத்தை மரம்போல் வைத்துக்கொண்டு நடந்து பழகினாள். பங்குனி பிறந்தபோது அவள் அங்கே நிமிர்ந்து நடந்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. இத்தனை வருடத்துப் பழக்கத்தை இரண்டே மாதத்தில் உதறிவிட்டவள்.

ஆட்டம் ஆடியவர்கள் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். வரச் சொல்வோம் என்றார் சென்னியப்பன். பிருந்தாதான் முதலில் வருகிறாள். வருகிறவளுக்கு வெறும் சுவரையா காட்டுவது?

பிருந்தா வருகிற அன்று காலை லோகநாயகி வாசலில் டீத் தட்டை வாங்கிக்கொண்டாள். துளசியக்கா வாசல்பக்கமே அடுப்பு வைத்திருந்தார், விருந்தாளிகளுக்காக. லோகநாயகி முந்தின இரண்டு நாளும் லீவு. கணவனோடு பழனி போய்வந்திருந்தாள். அந்த இரண்டு நாளில் அன்னூரிலிருந்து ஒரு லாரி வந்துபோனது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சென்னியப்பன் எல்லோரையும் சொல்லவிடாமல் தடுத்துவைத்திருந்தார். எல்லோரும் சமையலறைப் பக்கம் கூடி நின்றார்கள். பிருந்தாவும் நின்றாள். ஒல்லியான பெண். கையில் ஒரு மாட்டு மணி.

லோகநாயகி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். முதல் கதவைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால், கண்ணை டீத் தட்டில் வைத்தபடி கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

"அக்கா!" என்று கத்தினான் ஷாகுல்.

ணங்.

தட்டு பறந்தது. டம்ளர்கள் உருண்டன. லோகநாயகி மூன்றாவது கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கை. பழைய தழும்புக்குச் சரியாக மேலே புதிதாக ஒரு புடைப்பு எழும்பிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தாத்தாவின் கர்டர். துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, நடுவில் புதுச் செவ்வந்திச் சரம்.

கூரையில் பச்சை விளக்கு எரிந்தது.

"லோகநாயகி," என்றது செம்மை. "இது வேண்டுமென்றே செய்ததா?"

அவள் கர்டரைப் பார்த்தாள். புடவையெல்லாம் டீ. தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் சென்னியப்பன் ஓடி வந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள். "சத்தியமா இல்ல."

பச்சை விளக்கு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது," என்றது. "வாழ்த்துகள்."